டிசைனில் அனுமானங்களை எப்படிக் கையாள்வது, எத்தனை சுற்று போவது?

கேள்வியின் சுருக்கம் இது. பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் டிசைன் பிரிவில் இருக்கும் இளம் பொறியாளர் ஒருவர், விவசாய போர்வெல்லுக்கான புதிய நீர்மூழ்கி பம்ப் ஒன்றில் வேலை செய்கிறார். தொடங்கும்போது பாதித் தரவுகூடக் கையில் இல்லை. நீர்மட்டம், வோல்டேஜ், மணல் எல்லாமே அனுமானம்தான். வேலை நகர நகர ஒவ்வொன்றாக மாறி, டிராயிங் ஏழாவது ரிவிஷனுக்கு வந்துவிட்டது. "முதலிலேயே சரியாக யோசித்திருக்கக் கூடாதா?" என்கிறார் மேலாளர். இந்த அனுமானங்களையும் மறுசுற்றுகளையும் எப்படி நிர்வகிப்பது, எப்போது நிறுத்துவது, இதற்கு எந்த மென்பொருள்?

ஏழு ரிவிஷன் என்பது எனக்குக் குறையாகவே படவில்லை. நான் கேட்பது வேறு. மூன்றிலிருந்து நான்காவது ரிவிஷனுக்குப் போனபோது எந்த அனுமானம் உடைந்தது? அது உடைந்தது எதை வைத்துத் தெரிந்தது? இதற்கு ஒரு வரியில் பதில் இருந்தால் அந்தச் சுற்றுக்கான செலவு வீண் இல்லை. பதில் இல்லாமல் டிராயிங் மூலையில் "டிஸ்கஷன் படி மாற்றப்பட்டது" என்று மட்டும் இருந்தால், மேலாளரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றும் ஏதோ ஒரு அனுமானத்தைக் குறிவைத்துச் சோதிக்க வேண்டும். இல்லையென்றால் அது திரும்ப வரைவது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு களையெடுப்பு. அனுமானம் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பதில் பல, உண்மையில் யாரோ எடுக்க வேண்டிய முடிவுகளாக இருக்கும். "கிராமத்தில் வோல்டேஜ் எவ்வளவு குறைகிறது?" என்பது அனுமானம், போய் அளந்தால் தெரிந்துவிடும். "எந்த வோல்டேஜ் வரை நம் பம்ப் ஓட வேண்டும்?" என்பது முடிவு, எத்தனை வோல்ட்மீட்டர் வைத்து அளந்தாலும் இதற்கு விடை வராது. விலை, போட்டி, வாரண்டி எல்லாவற்றையும் பார்த்து விற்பனைத் தலைவரும் உங்கள் மேலாளரும் சேர்ந்து சொல்ல வேண்டியது அது. அவர்கள் சொல்லாமல் விட்டதை நீங்கள் அனுமானமாக எடுத்துக்கொண்டு வரைவீர்கள். அவர்கள் ஒவ்வொரு ரிவியூவிலும் மனத்தை மாற்றுவார்கள். உங்கள் ஏழு ரிவிஷனில் இரண்டு மூன்று இப்படி வந்தவை என்று பந்தயமே கட்டுவேன். அவற்றைத் தனித்தாளில் எழுதி, எதிரே பெயர் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். டிசைன் பிரிவின் கணக்கில் அவை வரவே கூடாது.

மிச்சமிருப்பவை நிஜ அனுமானங்கள். இவற்றில் தெரிந்தே வைத்தவை அவ்வளவு ஆபத்து இல்லை. 415 வோல்ட்டுக்கான மோட்டார், 332 வோல்ட்டில் என்ன ஆகும் என்று நீங்களே கேட்டுக்கொள்வீர்கள். இண்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கேற்பக் குறையும் என்பதால், 20 சதவீதம் வோல்டேஜ் போனால் விசை 64 சதவீதத்துக்கு இறங்கும். அதே சுமையை இழுக்கக் கரண்ட் கூடும், காயில் (மோட்டாருக்குள் சுற்றிய கம்பிச்சுருள்) சூடேறும். இதெல்லாம் கணக்கில் வரும். என்ன, அளக்கும் நேரம் சரியாக இருக்க வேண்டும். மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பும். அந்த நிமிடத்து வோல்டேஜும் மதியம் நீங்கள் சாவகாசமாகப் போய் அளக்கும் வோல்டேஜும் ஒன்றல்ல.

பயப்பட வேண்டியது, வைத்தோம் என்றே தெரியாத அனுமானங்களுக்கு. உங்கள் பம்பிலேயே ஒன்று இருக்கிறது. நீர்மூழ்கி பம்பில் மோட்டார் அடியில், பம்ப் மேலே, தண்ணீர் உறிஞ்சும் வாய் இரண்டுக்கும் நடுவில். தண்ணீர் கீழிருந்து மோட்டாரை உரசிக்கொண்டு மேலே வரும், அதில்தான் மோட்டார் குளிரும் என்பது அந்த வடிவத்துக்குள்ளேயே புதைந்திருக்கும் அனுமானம். ஊற்றுக்கண் பம்புக்கு மேலே இருந்தால்? தண்ணீர் மேலிருந்து இறங்கி நேராக வாய்க்குள் போய்விடும். மோட்டார் அசையாத தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். சம்ப்பிலோ அகலமான கிணற்றிலோ இறக்கினாலும் இதே கதை. வோல்டேஜ் சரி, லோடு சரி, ஆனாலும் காயில் கருகும். மோட்டார் இன்சுலேஷனின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் சூட்டுக்கும் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் பழைய கைக்கணக்கு. மோட்டாரைச் சுற்றி ஒரு உறைக்குழாய் போட்டால் தீரும் விஷயம் இது. ஆனால் அதைப் போடச் சொல்ல, முதலில் இப்படியொரு அனுமானம் இருப்பது தெரிய வேண்டும். இது டிசைன் அறையில் உட்கார்ந்திருப்பவரைவிட மோட்டார் இறக்கி ஏற்றும் மெக்கானிக்குக்கும் காயில் கட்டும் கடைக்காரருக்கும் நன்றாகத் தெரியும். விற்பனைப் பிரிவிடம் கேட்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்.

புதைந்த அனுமானம் எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்பதற்கு ரைட் சகோதரர்களின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1903 டிசம்பர் 17-இல் பறந்ததை எல்லோரும் சொல்வார்கள். டிசைன்காரர்கள் படிக்க வேண்டியது அதற்கு முந்தைய இரண்டரை ஆண்டுகளை. 1901 கோடையில் அவர்கள் அமெரிக்கக் கடற்கரை ஊரான கிட்டி ஹாக்குக்குக் கொண்டுபோன கிளைடர், கணக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்கு தூக்குவிசைதான் கொடுத்தது. அந்தக் கணக்கில் இறக்கைப் பரப்பு, காற்றின் வேகம், ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தாலின் தூக்குவிசை அட்டவணை, காற்றழுத்தத்துக்கான ஒரு மாறிலி என்று பல எண்கள் பெருக்கப்பட்டிருந்தன. அந்த மாறிலி ஸ்மீட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளரின் பெயரில் 1759-இலிருந்து புழக்கத்தில் இருந்தது. மதிப்பு 0.005. நூற்று நாற்பது ஆண்டாகப் புத்தகத்தில் இருக்கும் எண்ணை யார் சந்தேகிப்பார்கள்? சகோதரர்களின் சந்தேகமும் முதலில் லிலியந்தாலின் அட்டவணை மேல்தான் விழுந்தது.

அடுத்து அவர்கள் செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். இன்னும் பெரிய இறக்கையோடு மூன்றாவது கிளைடரை உடனே கட்டியிருக்கலாம். பலரும் அதைத்தான் செய்வார்கள். அவர்கள் சொந்த ஊரான டேட்டனுக்குத் திரும்பி, ஆறடி நீளத்தில் மரப்பெட்டி ஒன்றைக் காற்றுச் சுரங்கமாக்கினார்கள். ஹாக்ஸா பிளேடையும் சைக்கிள் ஸ்போக் கம்பியையும் வைத்துத் தராசு செய்தார்கள். 1901 அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் சுமார் இருநூறு சின்ன இறக்கை வடிவங்களைப் பரிசோதித்தார்கள். அந்தத் தராசின் அமைப்பு அழகானது. வளைந்த இறக்கையின் தூக்குவிசையைத் தட்டைத் தகடுகளின் மேல் காற்று தரும் எதிர்ப்போடு ஒப்பிடும். இரண்டின் மேலும் வீசுவது ஒரே காற்று என்பதால் வேகமும் ஸ்மீட்டன் மாறிலியும் கணக்கிலிருந்து அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது இறக்கை வடிவத்தின் குணம் மட்டுமே. முழு கிளைடரைப் பறக்கவிட்டால் எல்லா அனுமானங்களின் பெருக்குத்தொகைதான் கிடைக்கும், குற்றவாளி யாரென்று தெரியாது. தராசில் ஒரே ஒரு அனுமானம் மட்டும் கூண்டில் நின்றது. லிலியந்தாலின் அட்டவணை பெரும்பாலும் சரி என்று தெரிந்தது. அப்படியானால் மிஞ்சிய ஸ்மீட்டன் மாறிலிதான் தவறு. அவர்களுக்குக் கிடைத்த மதிப்பு சுமார் 0.0033.

1902 கிளைடர் அந்த எண்களை வைத்துக் கட்டியது. இறக்கை 32 அடி நீளம், 5 அடி அகலம். முந்தையதைவிட நீண்டு ஒடுங்கியது. தூக்குவிசை கணக்கோடு ஒத்துப்போனது. அப்புறம் புதிய தொல்லை. சில திருப்பங்களில் கிளைடர் தாழ்ந்த பக்கமாகச் சறுக்கி, இறக்கை முனை மணலில் குத்திச் சுழன்றது. கிணறு தோண்டுவது என்று அதற்கு அவர்களே கிண்டலாகப் பெயர் வைத்தார்கள் (நம் தொழிலுக்குப் பொருத்தமான பெயர்). பின்வால் அசையாமல் இருந்தால் போதும் என்ற அனுமானம்தான் அங்கே உடைந்தது. இறக்கையில் கை வைக்காமல் வாலை மட்டும் அசையும்படி மாற்றினார்கள். உறுதியான பகுதியை அப்படியே விட்டு, சந்தேகப்பட்டதை மட்டும் தொட்டதால் முடிவு தெளிவாகக் கிடைத்தது. ஒரே ரிவிஷனில் இம்பெல்லர் (தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரம்), டிஃப்யூசர் (அந்த வேகத்தை அழுத்தமாக்கும் பாகம்), மோட்டார் மூன்றையும் மாற்றிவிட்டு "திறன் இரண்டு சதவீதம் கூடியிருக்கிறது" என்று எழுதும் ரிப்போர்ட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வால் நினைவுக்கு வரும்.

பழைய தயாரிப்பிலிருந்து அப்படியே எடுப்பது இன்னொரு கண்ணி. ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் 1996 ஜூன் 4-ஆம் தேதி, முதல் பயணத்திலேயே கிளம்பிய சுமார் 37 விநாடிகளில் திசைதவறி உடைந்தது. ஏரியன் 4-இல் நன்றாக ஓடிய வழிகாட்டு மென்பொருளை அப்படியே எடுத்திருந்தார்கள். கிடைமட்ட வேகத்தோடு தொடர்புள்ள ஒரு எண்ணை 64 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாற்றும் இடத்தில், எண் கொள்ளளவைத் தாண்டியது. இப்படி மாற்றப்படும் ஏழு எண்களில் நான்குக்குப் பாதுகாப்பு போட்டு, மூன்றை வேண்டுமென்றேதான் விட்டிருந்தார்கள். கணினியின் சுமை ஏறாமல் இருக்க. ஏரியன் 4-இன் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வரவே வராது என்பது சரியான காரணமும்கூட. ஏரியன் 5 ஆரம்பத்திலேயே அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் போகும் ராக்கெட். மாற்று ஏற்பாடாக வைத்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள் என்பதால் அதுவும் அதே காரணத்தால் நின்றது. அனுமானத்தை எழுதும்போது "எதுவரை செல்லும்" என்ற நிபந்தனையையும் சேர்த்து எழுத வேண்டியது இதற்காகத்தான். "பேரிங் ஆயுள் போதும்" என்று எழுதாதீர்கள். "பம்ப் நேராகத் தொங்கும்வரை, இத்தனை ஸ்டேஜ் (இம்பெல்லர் அடுக்கு) வரை, பேரிங் ஆயுள் போதும்" என்று எழுதுங்கள். பத்து ஸ்டேஜ் பம்பை இருபது ஸ்டேஜாக நீட்டுபவர் நாளை அதைப் படிப்பார்.

சரி, தெரியாததற்கெல்லாம் கூடுதல் மார்ஜின் வைத்துவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். இதில் கவனம் வேண்டும். விற்பனைக்காரர் ஹெட்டில் (பம்ப் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம்) பத்து சதவீதம் ஏற்றிச் சொல்வார். நீங்கள் பத்து, மோட்டார் பிரிவு பத்து. மூன்றும் பெருகி 33 சதவீதம். யாருக்கும் மற்றவர் ஏற்றியது தெரியாது. தேவைக்கு மேல் ஹெட் உள்ள பம்பை நீர்மட்டம் உயர்ந்த கிணற்றில் இறக்கினால் அது ஹெட்-டிஸ்சார்ஜ் வளைகோட்டின் வலது ஓரத்தில், அதிக டிஸ்சார்ஜில் (வெளிவரும் நீரளவில்) ஓடும். சாதாரண ரேடியல் இம்பெல்லரில் அங்கே மோட்டார் ஓவர்லோடாகும். இம்பெல்லர் தொகுதியை மேலே தூக்கும் விசையும் வரும். மழைக்காலத்தில் மோட்டார் எரிந்து, காரணம் தெரியாமல் எல்லோரும் விழிப்பது பெரும்பாலும் இப்படித்தான். மார்ஜினை ஒரே இடத்தில், ஒருவர் பெயரில், வெளிப்படையாக வையுங்கள். ஒற்றை எண்ணுக்குப் பதில் இரு முனையுள்ள வரம்பாகவே அனுமானத்தை எழுதுங்கள். கோடைக் கடைசியில் எவ்வளவு ஆழம், ஐப்பசி மழைக்குப் பின் எவ்வளவு ஆழம். இரண்டிலும் பம்ப் பிழைக்க வேண்டும்.

வரம்பை அகலமாக்குவது என்றால் என்ன என்பதற்குச் சந்திரயான் 3 நல்ல பாடம். 2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான் 2-இன் இறங்கு கலமான விக்ரம் தரையிறங்கும்போது மோதியதற்கான காரணங்களை, 2023-இல் இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் அந்த ஆண்டு விளக்கினார். என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக உந்தின. படமெடுப்பதற்காகக் கலம் நிலையாக இருந்த கட்டத்தில் பிழைகள் திருத்தப்படாமல் சேர்ந்தன. பிறகு வேகமாகத் திரும்ப வேண்டியபோது மென்பொருளில் வைத்த வரம்பு தடுத்தது. போதாக்குறைக்கு, இறங்க வேண்டிய இடம் வெறும் 500 மீட்டருக்கு 500 மீட்டர். ஒவ்வொன்றும் தனியாகச் சின்ன விலகல்தான். எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே திசையில் சேர்ந்ததுதான் வினை.

அடுத்த கலத்தில், எதெது தவறக்கூடும், தவறினாலும் எப்படி இறங்குவது என்று கேட்டு வடிவமைத்தார்கள். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் அந்தத் திட்டத்தின் இயக்குநர். இறங்கும் பரப்பு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆனது. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாங்கும் கால்கள் 3 மீட்டரைத் தாங்கும்படி வலுவாயின. எரிபொருள் கூடியது. வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி புதிதாக ஏறியது. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போகவில்லை. ஐந்து என்ஜின் நான்கானது. நிலவு மண்ணைப் பற்றிய அனுமானத்தைச் சோதிக்க, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தசைட் பாறையைப் பொடித்து மாதிரி மண் தயாரித்திருந்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை கலம் இறங்கியது. உங்களுக்கு இஸ்ரோவின் பட்ஜெட் கிடையாது என்பது தெரியும். ஆனால் எந்தெந்த விலகல்கள் ஒரே நாளில் சேர்ந்து வரும் என்று யோசிக்கக் காசு வேண்டாம். கோடை, தாழ்ந்த நீர்மட்டம், குறைந்த வோல்டேஜ், சூடான மோட்டார், கலங்கிய மணல் ஐந்தும் ஒரே மே மாதத்தில்தான் வரும். இவற்றைத் தனித்தனி டெஸ்டாக வைத்துக்கொண்டு எல்லாம் பாஸ் என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

எந்த அனுமானத்தை முதலில் சோதிப்பது? சுலபமானதை முதலில் என்றுதான் கை போகும். நான் பார்ப்பது, எது தவறினால் திரும்ப முடியாது என்பதை. உங்கள் பம்பில் ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத வெளிப்பகுதி) தகட்டுக்கான டை (தகட்டை வெட்டும் அச்சு) அடித்துவிட்டால் லட்சங்கள் போயாயிற்று. மோட்டாரின் வெளிவிட்டம் அதில் பூட்டிக்கொள்ளும். போர் ஆறரை அங்குலமா நாலரை அங்குலமா, அடியில் போகப் போக எவ்வளவு கோணல், இரண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் அந்த டைக்கு முன்னால் தீர வேண்டும். இம்பெல்லர் வார்ப்பின் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி வடிவம்) அதற்கு அடுத்தது. ஓரளவு கடைந்து விட்டத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஐந்து சதவீதம் குறைத்தால் ஹெட் சுமார் பத்து சதவீதம் இறங்கும். ஆனால் கூட்ட முடியாது. அதனால் சந்தேகம் இருக்கும்போது விட்டத்தைப் பெரிதாக வைத்துத் தொடங்குவது இயல்பு. காயில் சுற்று எண்ணிக்கையும் கம்பியின் கேஜும் ஓரிரு நாளில் மாற்றக்கூடியவை. வோல்டேஜ் பற்றிய தகராறைக் கடைசிவரை இழுத்தாலும் குடிமுழுகாது. நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காயில் கணக்கில் மூன்று ரிவிஷன் போட்டுவிட்டு, போர் அளவை ஃபோனில் கேட்டு டைக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள்.

மாதிரியும் ஓர் அனுமானத்தைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. முப்பரிமாண அச்சில் எடுத்த இம்பெல்லர், பிளேடு வடிவம் சரியா என்று சொல்லும். வார்ப்பின் சொரசொரப்பு எவ்வளவு திறனைத் தின்னும், மணலில் எவ்வளவு தேயும் என்பதைப் பற்றி அதற்கு வாயே கிடையாது. ரைட் சகோதரர்களின் காலத்திலேயே அமெரிக்க விஞ்ஞானி சாமுவேல் லாங்லி தன் விமானத்தின் கால் பங்கு அளவு மாதிரியை 1903 ஆகஸ்டில் பறக்கவிட்டார். முழு அளவு விமானம் அக்டோபர் 7-ஆம் தேதியும் டிசம்பர் 8-ஆம் தேதியும் போடோமாக் ஆற்றில் விழுந்தது. ஒவ்வொரு மாதிரியின் மேலும் அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்று ஒரு சீட்டு ஒட்டுவது நல்ல பழக்கம்.

எப்போது நிறுத்துவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மிச்சமிருக்கும் அனுமானம் அதன் வரம்பின் எந்த முனைக்குப் போனாலும் நீங்கள் எடுக்கப்போகும் முடிவு மாறாது என்றால், அதற்காக இன்னொரு சுற்று வேண்டாம். மணல் அளவு சரியாகத் தெரியவில்லை. ஆனால் எந்த அளவானாலும் அதே புஷ்தான் (தண்டைத் தாங்கும் வளையம்) போடப்போகிறோம் என்றால், விட்டுவிடுங்கள். சரியாகத் தெரிந்துகொள்ளும் ஆசை பொறியாளர்களுக்கு நிறைய உண்டு, அதற்குச் சம்பளம் கிடையாது.

மேலாளரிடம் பேசும்போது ரிவிஷன் எண்ணைச் சொல்லாதீர்கள். டை ஆர்டர் போவதற்கு முன் எத்தனை பெரிய அனுமானங்கள் திறந்திருந்தன, இப்போது எத்தனை திறந்திருக்கின்றன என்று காட்டுங்கள். அது குறைந்துகொண்டே வந்தால் ஏழாவது ரிவிஷனை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். டை ஆர்டர் போன பிறகு பெரிய அனுமானம் ஒன்று உடைந்தால்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

இதற்கெல்லாம் எந்த மென்பொருள் என்று கேட்டீர்கள். எக்செல் தாள் ஒன்று போதும். அனுமானம், அதன் வரம்பு, எங்கிருந்து வந்தது (அளந்ததா, கேட்டதா, பழைய பம்பா, புத்தகமா), எந்த நிபந்தனைவரை செல்லும், தவறினால் எந்தப் பாகம் மாறும், எந்த ஆர்டருக்கு முன் தெரிய வேண்டும், யார் பொறுப்பு. முப்பது வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள், சின்னதை வெட்டுங்கள். அதைத் தனி ஃபோல்டரில் போட்டு மறந்துவிடாமல், டிராயிங் ரிலீஸுக்குக் கையெழுத்து வாங்கும் தாளின் பின்பக்கமாக இணைத்துவிடுங்கள். டை ஆர்டருக்குக் கையெழுத்திடுபவர் எந்தெந்த வரி இன்னும் திறந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.